ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி: ஆறாவதுக்குப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் லைன் வீடுகளில் இதே பேச்சுதான். "அஞ்சாவது முடிஞ்சுதுங்க்கா, ஆறாவதுக்கு எங்கீங்க போடறது?" தண்ணி பிடிக்கிற இடத்தில் கேட்பார்கள், கம்பெனியில் டீ டைமில் கேட்பார்கள், ராத்திரி வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டும் கேட்பார்கள். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாவதில் சேர்ந்தவள், இப்போது எட்டாவதை முடிக்கப் போகிறாள். மகன் அதே பள்ளியில் நாலாவது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஊர் திருப்பூருக்கு வெளியே. பள்ளியின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் குறை சொன்ன வரியை மட்டும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹெச்எம் டீச்சருக்கு அனுப்பி வைப்பார்கள். பையன் இன்னும் நாலு வருஷம் அங்கே படித்தாக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக. போடலாம். ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம், உடைந்த ஜன்னலைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம்.

மகள் அஞ்சாவது வரை பக்கத்தில் ஒரு நர்சரி பிரைமரியில் படித்தாள். கடைசி வருஷம் 28,000 ரூபாய் கட்டினோம், வேன் தனி, அபாகஸுக்கும் ஆண்டு விழா டிரஸ்ஸுக்கும் தனித்தனி ரசீது. நான் ஓவர்லாக் டெய்லர், அவர் டையிங்கில் வேலை. ஆறாவதுக்கு மெட்ரிக் பள்ளியில் கேட்ட தொகை எங்களுக்குக் கைக்கு எட்டாதது இல்லை, கடன் வாங்கினால் எட்டும். எங்களைத் திருப்பியது பணம் மட்டும் இல்லை. கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற ஒரு அக்காவின் மகள் அரசுப் பள்ளியில் படித்து, அப்படிப் படித்தவர்களுக்கென்று இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கம் கட்டுகிறது என்று அந்த அக்கா சொன்னபோதுதான் நாங்கள் கணக்குப் போட ஆரம்பித்தோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் 2020இல் வந்தது, இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021இல். பெண் பிள்ளைகள் காலேஜ் போனால் மாசம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். எல்லாவற்றுக்கும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியா? ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில், தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தனி வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆறாவதுதான் கதவு. எங்கள் தெருவில் ஒருத்தர் "ஒரு வருஷம் பார்த்துட்டு மாத்திக்கலாம்" என்று பையனை ஆறாவது மெட்ரிக்கில் போட்டு, ஏழாவதில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஒரு வருஷத்தில் எல்லாம் போயிற்று. இப்போது அவர்தான் எல்லோருக்கும் ஆறாவது, ஆறாவது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை. பெரும்பாலும் அஞ்சாவது வரை இருந்த தொடக்கப் பள்ளியைத் தரம் உயர்த்தி, மேலே மூன்று வகுப்பு சேர்த்திருப்பார்கள். எங்கள் பள்ளியும் அப்படித்தான். அதனால் அங்கே எல்லாமே சின்னப் பிள்ளைகளின் அளவில் இருக்கும். பெஞ்சு, குழாயின் உயரம், காலையில் ஓடுகிற பாட்டு எல்லாம். ஆறு, ஏழு, எட்டு என்கிற மூன்று வகுப்பும் மாடியில், தனிக்குடித்தனம் போல.

இந்த மூன்று வகுப்புக்கும் எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது தெரியுமா? 35 பிள்ளைக்கு ஒருத்தர் என்பது ஒரு கணக்கு. அதோடு குறைந்தது மூன்று பேர்: அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர். அஞ்சு பாடம், மூன்று ஆள். சட்டமே இவ்வளவுதான் கேட்கிறது. அந்த மூன்றில் ஒரு நாற்காலி காலியானால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஏழாவதில் பார்த்தோம்.

ஆறாவதில் இருந்த கணக்கு சாரைப் பற்றி முதலில் சொல்கிறேன். மூன்றாம் பருவத்தில் பின்னங்கள் பாடம். மனுஷன் கேக்கும் பீட்சாவும் வரையவில்லை. "உங்க அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்தா எத்தனை மணி நேரம்? நாலு நாள் ஒன்றரை, ரெண்டு நாள் ஒண்ணு, மொத்தம் எத்தனை ஷிப்ட்?" என்று கேட்டிருக்கிறார். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் யாராவது பனியன் கம்பெனியில் இருப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி நான் சம்பளக் கவரைப் பிரிக்கும்போது என் மகள் சீட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். கால் ஷிப்ட் விடுபட்டிருந்தது. திங்கட்கிழமை போய் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். அந்த சாருக்கு இதைவிடப் பெரிய நல்லாசிரியர் விருது யாரும் கொடுக்க முடியாது.

அடுத்த வருஷம் கலந்தாய்வில் அவர் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. மாற்றுப் பணி என்று வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வாரத்தில் ரெண்டு நாள் வந்தார். மீதி நாளில் அந்தப் பீரியடில் சமூக அறிவியல் டீச்சர் வந்து "நோட்டை முடிங்க" என்பார். அரையாண்டு முடிந்து பார்க்கிறேன், முழுக்கள் பாடத்தில் மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ் என்று ஒப்பிக்கிறாள், கணக்கைக் கொடுத்தால் போடத் தெரியவில்லை. ஏழாவதின் இயற்கணிதம் முழுக்க அந்த ஓட்டையில்தான் போனது. எட்டாவதுக்குப் புது டீச்சர் வந்தார், நல்லாசிரியை. முதல் ரெண்டு மாசம் அவர் எட்டாவது புத்தகத்தைத் தொடவே இல்லை, ஏழாவதைத்தான் எடுத்தார்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணித்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று ஒருத்தரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். டீச்சர் இல்லை என்று நாலு பேர் பிள்ளையை எடுத்துப் போனால், அதனாலேயே இருக்கிற டீச்சருக்கும் ஆபத்து. ஜூலையில் ஹெச்எம் டீச்சர் வீடு வீடாக வந்து பேசியது இதற்காகத்தான் என்று பிறகுதான் புரிந்தது. அவ்வளவு நாளும் அவர் ஏதோ டார்கெட்டுக்காக வருகிறார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு. காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியபோது வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். எட்டரைக்குக் கம்பெனியில் இருக்க வேண்டிய அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பையனுக்குத் தலையைச் சீவி அனுப்பினால் போதும். சமைக்கிற அக்காவின் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது என்பதால் அரிசியில் கல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலை எனக்கு இல்லை.

ஆனால் அது ஒன்று முதல் அஞ்சு வரைதான். மகள் ஆறாவது. ஒரே கேட்டில் ரெண்டு பேரும் உள்ளே போவார்கள், தம்பி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவான், அக்கா மாடிப்படியில் நின்று பார்ப்பாள். பன்னிரண்டு வயசில்தான் பிள்ளைகளுக்குப் பசி பேய்ப் பசியாக இருக்கும், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு. மீந்தால் அந்த அக்கா பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி போடுவார், யாரும் எழுதி வைத்த விதி இல்லை. இப்போது நான் விடியக்காலை எழுந்து மகளுக்கு மட்டும் ரெண்டு தோசை ஊற்றி டப்பாவில் வைக்கிறேன். அதைச் செய்ய முடியாத வீடுகளும் இருக்கின்றன. எட்டாவது வரை இருக்கிற பள்ளியில் எட்டாவது வரைக்கும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மதியச் சத்துணவு எட்டாவதுக்கும் உண்டு, பத்தாவது வரை உண்டு. வாரம் அஞ்சு முட்டை. கொண்டைக்கடலை புலாவ் போடுகிற அன்று மகள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போக மாட்டாள். கறிவேப்பிலைச் சாதம் போடுகிற அன்று எடுத்துப் போவாள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சீருடையைப் பற்றித் தொழில்காரியாகச் சொல்லியே ஆக வேண்டும். வருஷத்துக்கு நாலு செட் இலவசம், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருகிறது. துணி மோசமில்லை, ரெண்டு வருஷம் உழைக்கும். அளவுதான் கொடுமை. ஏழாவது என்றால் ஏழாவது அளவு. ஒல்லியும் குண்டும் ஒன்று. மகளுக்குத் தோள் இறங்கி நின்றது, கை முட்டியைத் தாண்டியது. பக்கத் தையலைப் பிரித்து, தோளில் முக்கால் இஞ்ச் உள்ளே தள்ளி, மறுபடி ஓவர்லாக் அடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவள் சிநேகிதிகளின் அம்மாக்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். தையல் மெஷின் இல்லாத வீட்டில் இதற்கு ஒரு செட்டுக்கு 60, 80 ரூபாய் கேட்கிறார்கள், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம், நோட்டு, பை, செருப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ், ஆறாவதில் அட்லஸ் எல்லாம் வந்துவிடும். ஜூனில் எல்லாமே ஒன்றாக வராது, அவ்வளவுதான்.

இனிக் கழிவறை. பெண் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இதை மட்டும் நன்றாகப் படியுங்கள்.

காலையில் ஒன்பதரை மணிக்குப் போய்ப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். தூய்மைப் பணியாளர் ஒருத்தர் காலையில் வந்து கழுவிவிட்டுப் போய்விடுவார், அவருக்குத் தருகிற சம்பளத்துக்கு அதுவே அதிகம். மதியம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேல் டேங்கில் தண்ணி தீர்ந்திருக்கும், பக்கெட் மட்டும் இருக்கும், மூன்று கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என் மகள் ஏழாவதில் வயசுக்கு வந்தாள். அதற்கு அப்புறம் பள்ளியில் தண்ணி குடிப்பதையே நிறுத்திவிட்டாள். நான் கண்டுபிடித்தது எப்படியென்றால், வாட்டர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. அப்புறம் ஒரு நாள் யூரின் போகும்போது எரிகிறது என்று அழுதாள், ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினோம். அரசு நாப்கின் பள்ளியில் கொடுக்கிறார்கள், வாங்கி வருகிறாள். நாப்கின் எரிக்கிற மெஷினும் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறார்கள், அதற்குப் பிளக் பாயின்ட் இல்லை.

இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். எஸ்எம்சி என்று சொல்வார்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது என்னையும் உறுப்பினராகப் போட்டார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. பனியன் கம்பெனியில் வெள்ளிக்கிழமை என்றால் என்ன நாள் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மறுநாள் சம்பளம், பீஸ் முடிக்கிற அவசரம். மதியம் கிளம்பினால் அரை ஷிப்ட் போய்விடும். அதனால் பாதிப் பேர் வரமாட்டார்கள், தீர்மான நோட்டு மறுநாள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு, கழிவறை விஷயம் வருகிற வரைக்கும்.

அன்றைக்கு நான் போய் உட்கார்ந்து, "டீச்சர், தீர்மானத்துல கழிவறை பராமரிப்புன்னு எழுதாதீங்க. மூணு தாழ்ப்பாள், டேங்குக்குப் பெரிய மோட்டார், ஒரு பிளக் பாயின்ட்டுன்னு எழுதுங்க" என்றேன். ஹெச்எம் டீச்சர் சிரித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதாம்மா, பராமரிப்புன்னு எழுதினா பணம் எங்க போகுதுன்னு எனக்கே தெரியறதில்லை" என்றார். தாழ்ப்பாள் அடுத்த வாரமே வந்தது, அவரே கைக்காசு போட்டிருப்பார் என்று சந்தேகம். மோட்டார் ஊராட்சியிலிருந்து வர ரொம்ப நாள் ஆனது. பிளக் பாயின்ட் இன்றைக்கும் இல்லை. தண்ணி இப்போது மூன்று மணி வரை வருகிறது. மகள் தண்ணி குடிக்கிறாள்.

இங்கிலீஷ். இதுதான் எல்லோருக்கும் பெரிய கவலை. எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் மீடியமும் உண்டு, தமிழ் மீடியமும் உண்டு. மாடியில் மூன்று அறை, மூன்று ஆசிரியர் என்னும்போது ரெண்டு மீடியமும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம்தான். பலகையில் இடது பக்கம் தமிழில் எழுதுவார், வலது பக்கம் இங்கிலீஷில். பேசுவது தமிழில். பிள்ளைகள் அவரவர் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். என் மகள் இங்கிலீஷ் மீடியம். வாசிப்பாள், எழுதுவாள், பேசச் சொன்னால் சிரிப்பாள். மெட்ரிக்கில் படிக்கிற என் நாத்தனார் மகள் பேசுவாள், ஆனால் அறிவியலில் அவள் பேசுகிற வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டால் அவளும் சிரிப்பாள். ரெண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. பேச்சு இங்கிலீஷ்தான் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் இங்கே போட்டுவிட்டு அப்புறம் டீச்சரைத் திட்ட வேண்டாம்.

இன்னொன்று, டீச்சர்கள் போனையே நோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு புகார் எப்போதும் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் அது எமிஸ் வேலை, கல்வித் துறையின் ஆன்லைன் பதிவு. காலையில் வருகைப் பதிவு ஆப்பில், சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனை என்பது ஆப்பில், செருப்பு கொடுத்தது ஆப்பில். மீதி அவர்களுடைய சொந்த வாட்ஸப், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று இருக்கிறது, ரெண்டு பேரும் நிட்டிங்கில் வேலை. அவர்கள் பையன் மூன்றாவதில் சேரும்போது தமிழ் ஒரு சொல் தெரியாது. பிரைமரி டீச்சர் அவனை என் மகன் பக்கத்தில் உட்கார வைத்தார். ரெண்டு பேரும் அடித்துக்கொண்டே பழகினார்கள். இந்த வருஷம் கலைத் திருவிழாவில் அவன் திருக்குறள் ஒப்பித்தான், ழகரம் எங்கள் பிள்ளைகளைவிடச் சுத்தம். அவன் அப்பா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். முடிந்ததும் என்னிடம், "அக்கா, என்ன சொன்னான்?" என்று கேட்டார். என் மகன்தான் அவருக்கு விளக்கம் சொன்னான், பாதி ஹிந்தியில். அந்த ஹிந்தி எங்கே கற்றான் என்றால், அந்தப் பையனிடம்தான். மெட்ரிக்கில் இதற்கும் தனி ரசீது போட்டிருப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. வானவில் மன்றம் என்று ஆறு முதல் எட்டு வரைக்கு அறிவியல் செய்முறை காட்ட ஒரு கருத்தாளர் சாமான்களோடு வருகிறார். மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, என் சோடா மாவு டப்பாவைக் காலி பண்ணி, பாட்டில் வாயில் பலூனை ஊதிக் காட்டினாள். கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது, வினாடி வினா நாளில் திறக்கும், மற்ற நாளில் திறந்து பார்த்ததாக மகள் சொன்னதில்லை. விளையாட்டுக்குப் பகுதி நேர ஆசிரியர், வாரத்தில் மூன்று அரை நாள். கோகோ நன்றாக ஆடுகிறார்கள். நூலகப் புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், இது நிஜமாகவே நடக்கிறது.

எட்டாவதுக்கு வந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றிக் கேளுங்கள். மத்திய அரசு உதவித்தொகை. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 சதவீத மார்க் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90. தமிழ்நாடு முழுக்க 6,695 பேருக்குக் கிடைக்கும். தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது, அரசு, உதவி பெறும் பள்ளிகள்தான். ஆனால் எங்கள் பள்ளியில் அதற்குத் தனியாக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தது அந்தப் புதுக் கணக்கு டீச்சர் வந்த பிறகுதான். சனிக்கிழமை காலையில் வருவார், பழைய வினாத்தாளை ஜெராக்ஸ் எடுத்து வருவார். அவருக்கு முன்னால் பல வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து யாரும் பாஸ் ஆனதே இல்லை. நான் முதலில் சொன்ன கணக்கு ஆசிரியர் சமாச்சாரம் இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

பிள்ளையை இங்கிருந்து எடுத்துப் போனவர்களும் உண்டு. என் பக்கத்து வீட்டு அக்கா பையனை ஏழாவது பாதியில் தனியாருக்கு மாற்றினார். "எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸுன்னா எவன் படிப்பான்? அங்க அடிச்சாவது படிக்க வெப்பாங்க" என்றார். அடிக்கக்கூடாது என்பது சட்டம், எல்லாப் பள்ளிக்கும்தான், அது வேறு விஷயம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதியை நான் மறுக்க மாட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று ஆசிரியர்கள் திணறுகிறார்கள். கொரோனாவில் ஒன்றாவது ரெண்டாவது படிக்க வேண்டிய பிள்ளைகள்தான் இப்போது மாடியில் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது நோட்டைத் திறந்து பார்க்கவில்லை என்றால் அமைதியான பிள்ளைகள் அப்படியே எட்டாவது வரை மிதந்து வந்துவிடும். மெட்ரிக்கில் டியூஷனுக்குக் கட்டுகிற காசை இங்கே நேரமாகக் கொடுக்க வேண்டும்.

எட்டோடு பள்ளி முடிகிறது என்பதையும் இப்போதே யோசியுங்கள். ஒன்பதாவதுக்கு மேல்நிலைப் பள்ளி பஸ்ஸில் போக வேண்டிய தூரம். பஸ் இலவசம்தான், ஆனால் காலையில் அந்த பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிற கூட்டம் ஃபுட்போர்டில் தொங்கும். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் நிற்கிற இடம் இந்த எட்டாவதுதான். "டி.சி. வாங்கிட்டோம், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள், அப்புறம் அந்தப் பிள்ளைகளைப் பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் பார்க்கலாம். இந்த வருஷம் ஹெச்எம் டீச்சர் எட்டாவது பிள்ளைகள் எல்லோரையும் அம்மாக்களோடு அந்த மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டினார். நானும் போனேன். முதலில் கேட்டது கழிவறை எங்கே, அடுத்து கணக்குக்கு எத்தனை பேர் என்று.

தம்பியை ஆறாவதுக்கு மாடிக்குத்தான் அனுப்புவேன், அந்தக் கணக்கு டீச்சர் அதற்குள் மாறுதல் கேட்காமல் இருந்தால். கேட்டால் மறுபடி யோசிக்க வேண்டியதுதான்.

ஜூனில் சேர்க்கப் போகிறவர்கள் டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், பிள்ளை பெயரில் பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு போங்கள். எதாவது இல்லையென்றாலும் சேர்த்துக்கொள்வார்கள், பள்ளியில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பாஸ்புக் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், உதவித்தொகை வருகிற சமயத்தில் பேங்கில் போய் நின்றால் ஒரு ஷிப்ட் முழுசாகப் போய்விடும். சேர்க்கிற அன்றைக்கே மதியம் ரெண்டு மணிக்கு மேல் போங்கள், காலையில் போகாதீர்கள்.